அண்ணத்தில் ஒரு மேடு

தெருவில் அவளுக்கு செட்டக்கா என்று பெயர். பல் செட் செய்கிறவள் என்பதால் வந்தது. விவரம் தெரியாதவர்கள் அவளைப் பல் டாக்டர் என்று நினைத்து, வழியில் நிறுத்தி வாயைத் திறந்து காட்டுவதுண்டு. "நான் டாக்டர் இல்லைங்க, தையல்காரி மாதிரி. அளவு வந்தா தைச்சுக் குடுப்பேன், அவ்வளவுதான்" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவாள்.

அவள் வேலை செய்த இடம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்த நீளமான அறை. ஜன்னல் ஓரமாக மேசைகள், மெழுகு உருக்க ஒரு சிறிய விளக்கு, மூலையில் பல்லுக்கு மெருகேற்றும் இயந்திரம். கிளினிக்குகளிலிருந்து அளவுகள் டப்பாவில் வரும். உலோகத் தட்டில் ரப்பர் போல இறுகிய இளஞ்சிவப்புக் களிம்பு, அதில் யாரோ கடித்த பள்ளம். அந்தப் பள்ளத்தில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றுவாள். தட்டித் தட்டிக் குமிழிகளை வெளியேற்றுவாள். இறுகும்போது பிளாஸ்டர் தானாகவே சூடாகும். காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொட்டாற்போல இருக்கும். ஆறியபின் பெயர்த்தெடுத்தால் உள்ளங்கையில் ஒரு வாய் இருக்கும்.

சுவர் அலமாரி முழுக்க அப்படிப்பட்ட வாய்கள்தான். முகம் கிடையாது, பெயர் கிடையாது, அடியில் ஓர் எண் மட்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அந்த அலமாரிக்கு முதுகு காட்டி உட்காரத் தயங்குவார்கள். செட்டக்கா மட்டும் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு வந்து சேர்ந்த நாளிலிருந்தே அதன் அடியில்தான் உட்கார்ந்தாள், சாப்பிட்டாள், சில மதியங்களில் மேசையில் தலை வைத்துக் கண்ணயரவும் செய்தாள்.

அவளுடைய அப்பா லாரி ஓட்டுநர். சரக்கேற்றிக்கொண்டு கிளம்பினால் வாரக்கணக்கில் வரமாட்டார். வந்தால் இரண்டு நாள் தூங்கிவிட்டுப் போவார். அவர் சிரித்தால் மேல் முன்பற்கள் இரண்டும், ஒன்றின் மேல் ஒன்று கால் போட்டு உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும். மகளுக்கும் அதே பல். வயதாவதற்கு முன்பே அவருக்குப் பற்கள் ஆடி விழத் தொடங்கின. அவருக்கு மேல் செட் செய்தவள் அவள்தான். வேலை பழகிய காலத்தில் செய்த முதல் உருப்படிகளில் அதுவும் ஒன்று. அப்பாவின் அளவில் பிளாஸ்டர் ஊற்றிப் பெயர்த்தபோது, அண்ணத்தின் நடுவில் கடலைப்பருப்பு அளவுக்கு ஓர் எலும்பு மேடு இருந்தது.

"இந்த மேட்டு மேல செட் அழுத்தினா புண்ணாயிடும்மா. அந்த இடத்துல கொஞ்சம் விட்டுப் பண்ணு" என்றார் முதலாளி.

அவள் தன் நாக்கை மேலே தூக்கித் தடவிப் பார்த்தாள். அவளுக்கும் இருந்தது, அதே இடத்தில். சொன்னதும் முதலாளி சிரித்தார். "சொத்து சேர்த்து வச்சிருக்கார் உங்கப்பா."

அப்பா போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அம்மாவும் போய்விட்டாள். செட்டக்காவுக்குக் கல்யாணம் ஆகி, லிஃப்ட் பழுது பார்க்கும் கணவரோடு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் இருந்தாள். பிள்ளைகள் இல்லை. அது பற்றி இருவரும் பேசி ஓய்ந்தாயிற்று.

ஊரார் வாயையெல்லாம் கையில் வைத்துப் பார்த்தவள், தன் வாயைப் பார்த்துக்கொள்ளவில்லை. பல் விளக்கித் துப்பினால் தண்ணீர் ரோஜா நிறத்தில் போகும். வேகமாகத் தேய்த்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்வாள். கணவர் அவளோடு பேசும்போது முகத்தை லேசாகப் பக்கவாட்டில் திருப்பத் தொடங்கியிருந்தார். ஏன் என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒருநாள் ரொட்டியைக் கடித்தபோது கீழ்ப்பல் ஒன்று கதவின் தாழ்ப்பாள்போல அசைந்து கொடுத்தது. அன்றுதான் ஈறு டாக்டரிடம் போனாள்.

டாக்டர் அவளைவிட இளையவர். மெல்லிய கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் விட்டு ஆழம் பார்த்தார். சில இடங்களில் கம்பி போய்க்கொண்டே இருந்தது. வலி இல்லை. அவ்வளவு தூரம் உள்ளே போக இடம் இருக்கிறதே என்பதுதான் அவளைக் கலக்கியது.

மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியிலிருந்த காரையைச் சுரண்டியெடுத்தார்கள். ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தார்கள். கிளம்பும்போது டாக்டர் உட்காரவைத்துப் பேசினார்.

"மாத்திரையைப் பாதியில நிறுத்திடாதீங்க, கடைசி வரைக்கும் சாப்பிடுங்க. ஆனா மாத்திரை முடிஞ்சதும் வைத்தியம் முடிஞ்சதுன்னு நினைச்சுக்காதீங்க. பல்லு மேல அந்தப் படலம் மறுபடி படியத்தான் போகுது. அதை தினமும் எடுக்கறது உங்க வேலை. மென்மையான பிரஷ், ஈறும் பல்லும் சேர்ற இடத்துல சாய்ச்சு வச்சு, மெதுவா. இடுக்குக்கு இந்தக் குட்டி பிரஷ். கொப்பளிக்கிற மருந்து கொஞ்ச நாளைக்குப் போதும், ரொம்ப நாள் போனா பல்லு கறையாயிடும். ரத்தத்துல சர்க்கரை எவ்வளவுன்னு ஒரு தடவை பார்த்துடுங்க. மூணு மாசம் கழிச்சு வந்து காட்டுங்க."

"பல்லெல்லாம் நீளமாயிட்ட மாதிரி இருக்கே டாக்டர்?"

"வீக்கம் வடிஞ்சதால ஈறு சுருங்குது. பல்லு வளரல, வேர் பக்கம் வெளிய தெரியுது. கொஞ்ச நாள் கூசும். பயப்படாதீங்க."

"மறுபடி வந்தா வலிக்குமா?"

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "வலிச்சாத்தான் தேவலையே. வலிக்காது. சத்தம் போடாம உள்ள எலும்பைத் தின்னுக்கிட்டுப் போகும். நமக்குத் தெரியும்போது நிறைய போயிருக்கும்."

அந்தப் பேச்சை அவள் மறக்கவில்லை. ஆனாலும் ரத்தம் நின்றுவிட்டது. வாய் நாற்றம் போய்விட்டது. கணவர் நேருக்கு நேர் பார்த்துப் பேசத் தொடங்கினார். நன்றாக இருக்கும் வாய்க்கு எதற்கு இத்தனை சிரத்தை என்று தோன்றிவிட்டது. குட்டி பிரஷ்ஷின் கம்பி வளைந்துவிட்டது, வேறு வாங்கவில்லை. "பல்லு விளக்குறியா, பாத்திரம் விளக்குறியா? இவ்வளவு நேரமா?" என்று அவர் கிண்டல் செய்ததும் ஒரு சாக்காயிற்று. மூன்று மாதம் வந்தது, போயிற்று. டாக்டரிடம் அவள் போகவில்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள் காலையில் எழுந்தபோது, சாவியை நாக்கில் வைத்ததுபோல வாயில் இரும்புச் சுவை. துப்பிப் பார்த்தாள். லேசான ரோஜா நிறம். குழாயை வேகமாகத் திறந்துவிட்டாள்.

அதே வாரத்தில்தான் அந்த அளவு வந்தது.

மதியமே இருட்டிக்கொண்டு கொட்டிய மழை. முதலாளி கீழே கண்ணாடிக் கடையில் பேசிக்கொண்டிருந்தார், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். செட்டக்கா பிளாஸ்டரைப் பெயர்த்தெடுத்தாள். மேல் தாடை. எஞ்சியிருந்தது சில பற்களே. ஈறு வற்றி அவை குச்சிகுச்சியாக நின்றன. இப்படி எத்தனையோ பார்த்தவள்தான். ஓரத்தைச் சீவிவிட்டுக் கவிழ்த்து வைக்கப் போனபோது கட்டைவிரல் அண்ணத்தில் எதன்மேலோ ஏறி இறங்கியது.

கடலைப்பருப்பு அளவில் ஒரு மேடு.

விளக்கருகே கொண்டு போனாள். முன்பற்களில் இடப்பக்கத்துப் பல் ஒன்றுதான் இருந்தது. அது பக்கத்துப் பல்லின் மேல் கால் போடுவதுபோலச் சாய்ந்திருந்தது. பக்கத்துப் பல் இல்லை. இல்லாத ஒன்றின் மேல் அது சாய்ந்திருந்தது.

அவளுடைய விரல் பிளாஸ்டர் மேட்டின் மேலே இருந்தது. நாக்கு, அவள் அறியாமலே, தன் வாயின் மேட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரே பொருளை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் தொடுவதுபோல இருந்தது. பிளாஸ்டரில் இன்னும் சூடு ஆறவில்லை. அப்பாவுடைய வாய் என்று முதலில் நினைத்தாள். அப்புறம், இல்லை, இது என் வாய், இன்னும் சில வருடங்கள் கழித்து, என்று நினைத்தாள். இரண்டும் பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும் முழங்கை வரை புல்லரித்தது. அன்றுதான் முதன்முறையாக அவளுக்கு அந்த அலமாரியின் கீழே உட்கார முடியவில்லை. நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"யாருது இது?" என்று முதலாளியிடம் கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்? நம்பர்தான் இருக்கு. கீழ்ப்பல் முன்னாடியே போயிடுச்சாம். இந்த மிச்சத்தையும் எடுத்துட்டு முழு செட்டு வைக்கப் போறாங்களாம். ஏன்?"

"ஒண்ணுமில்ல. மேடு இருக்கு."

"அப்போ விட்டுப் பண்ணிடு" என்றார் அவர், பழைய கதை எதுவும் நினைவில்லாமல்.

மறுநாளே அவள் ஈறு டாக்டரிடம் போனாள். திட்டு விழும் என்று எதிர்பார்த்தாள். டாக்டர் திட்டவில்லை, கம்பியை விட்டுப் பார்த்து, "இங்கயும் இங்கயும் மறுபடி ஆழமாகுது" என்றார்.

"மாத்திரை குடுங்க டாக்டர், சாப்பிட்டுடறேன்."

"ஒவ்வொரு தடவையும் மாத்திரை குடுக்க மாட்டேன். கிருமி மாத்திரைக்குப் பழகிடும், அப்புறம் நிஜமா தேவைப்படறப்போ கேட்காது. சுத்தம் பண்ணி விடறேன். மிச்சம் உங்க கையிலதான் இருக்கு."

கையில் கண்ணாடியைக் கொடுத்து அவளையே செய்யச் சொன்னார். எந்த இடுக்குக்கு எந்த அளவு பிரஷ், எப்படித் திணிக்காமல் நுழைப்பது என்று பழக்கினார். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் சாப்பாடு முடிந்ததும் செட்டக்கா கண்ணாடியோடு உட்கார்ந்தாள். கணவரின் கிண்டலுக்குப் பதில் சொல்வதில்லை. கண்ணாடியில் தன் பல்லைப் பார்க்கும்போதெல்லாம் அதன் பின்னால் வெள்ளைப் பிளாஸ்டர் வாய் ஒன்று, அதே அளவுக்குத் திறந்து, காத்துக்கொண்டிருப்பதாக ஓர் எண்ணம். அதைத் தள்ளிவிடவே இன்னும் கவனமாகத் தேய்த்தாள்.

பல் பிடுங்கிய ஈறு ஆறியபின் இரண்டாவது அளவு வந்தது. இப்போது அந்த வாயில் ஒன்றுமே இல்லை, அந்த மேட்டைத் தவிர.

கிளினிக்கிலிருந்து ஃபோனில் சொன்னார்கள்: அவருக்கு முன்பல் பழையபடியே வேண்டுமாம், கோணலாக. எப்படி இருந்தது என்று காட்டப் படம் எதுவும் இல்லையாம். முதல் அளவைப் பார்த்து முடிந்தவரை செய்யுங்கள்.

முதல் அளவில் ஒரு பல்தான் இருந்தது. மற்றது எப்படி நின்றிருக்கும் என்று அதில் இல்லை. செட்டக்கா கைக்கண்ணாடியை மேசையில் சாய்த்து வைத்தாள். உதட்டைத் தூக்கி, தன் பல்லைப் பார்த்துப் பார்த்து, அந்த மனிதருக்கு மெழுகில் பல் நட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. முடித்தபோது மெழுகு ஈறில் பதிந்து அவளைப் பார்த்துச் சிரித்தது அவளுடைய சிரிப்பேதான்.

மெழுகில் அடுக்கிய பல்லை வாயில் வைத்துப் பார்க்கும் நாளன்று, "இன்னைக்கு நானே கொண்டு போறேன்" என்று டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

அந்தக் கிளினிக் ஒரு நீண்ட நடைபாதையின் கோடியில் இருந்தது. இருபுறமும் சாத்திய கதவுகள். பாதி வழியில் அவள் நின்றுவிட்டாள். உள்ளிருந்து ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசினார். இரண்டு முறை சிறிதாகக் கனைத்து, பிறகு பேச்சு. அது அவளுடைய அப்பா. லாரியை நிறுத்திவிட்டு வந்து, படியில் செருப்பை உதறும்போது கேட்கும் அந்தக் கனைப்பு. பல்லில்லாததால் சொற்கள் காற்றோடு கரைந்து வந்தன. ஆனால் குரல் அதேதான். அவள் சுவரில் கைவைத்துக்கொண்டாள். பிறகு டப்பாவை இறுகப் பிடித்துக்கொண்டு கோடிக் கதவைத் தள்ளினாள்.

நாற்காலியில் இருந்தவருக்கு அவளைவிட ஓரிரு வயது குறைவாக இருக்கலாம். வாய் உள்ளே ஒடுங்கி, பார்க்க மூத்தவராகத் தெரிந்தார். சோஃபா தைக்கிறவராம். அங்கிருந்த பல் டாக்டர், "இவங்கதான் உங்க பல்லு செஞ்சவங்க" என்று அறிமுகப்படுத்தினார். செட்டக்கா வாயைத் திறக்காமல் தலையை மட்டும் அசைத்தாள்.

மெழுகு செட்டை வைத்தார்கள். அவர் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"சரியில்லையா?" என்றார் டாக்டர்.

"சரியா இருக்கு. அதான் யோசிக்கிறேன். விழுந்துபோன பல்லு எந்தப் பக்கம் திரும்பியிருந்துச்சுன்னு நான் யார்கிட்டயும் சொல்லலையே." செட்டக்காவைப் பார்த்தார். "உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

அவள் உதட்டை விரித்துக் காட்டினாள்.

அவர் கண்ணாடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். இரண்டு முறை கனைத்துக்கொண்டார்.

"உங்கப்பா லாரி ஓட்டினாரா?"

"ஆமா" என்றாள் அவள்.

"எங்கப்பாவும் லாரிதான் ஓட்டினாரு. அவருக்கு இன்னொரு வீடு இருக்கு, அங்க ஒரு பொண்ணு இருக்குன்னு அம்மா சொல்லுவாங்க. கடைசியா கோவத்துல சொன்னது. அவரு போட்டோவையெல்லாம் அன்னைக்கே கிழிச்சுப் போட்டாங்க. எந்த ஊருன்னு சொல்லல."

பல் டாக்டர் ஒன்றும் புரியாமல் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார்.

பிறகு இருவரும் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவைப் பற்றிப் பேச இருவருக்கும் கூச்சமாக இருந்தது. தெரிந்த விஷயம் பல் ஒன்றுதான். அதைப் பற்றிப் பேசினார்கள்.

"எனக்கும் ரத்தம் வரும். மருந்துக் கடையில கேட்டு மாத்திரை வாங்கிச் சாப்பிடுவேன். நின்னுடும். நின்னுட்டுதேன்னு விட்டுடுவேன். அப்புறம் மறுபடி வரும், மறுபடி மாத்திரை. இப்படியே வருஷம் போயிடுச்சு. சோஃபாவுக்கு அடிக்கிற ஆணியை வாயிலதான் வச்சிருப்பேன், ஒண்ணொண்ணா எடுத்து அடிக்க. ஒருநாள் மிச்சத்தைக் கையில துப்பினேன். ஆணியோட ஆணியா பல்லு ஒண்ணு கிடந்துச்சு. வலியே இல்லக்கா. நான் அதையும் ஆணின்னு நினைச்சு எடுத்து வச்சு, சுத்தியைக்கூட ஓங்கிட்டேன்."

அக்கா என்று சொன்னதை அவரே கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். சாகும் வரை தன்னிடம் எதுவும் சொல்லாத அம்மாவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்குமா என்று அப்போது தோன்றியது. கேட்க ஆள் இல்லை.

"எனக்கும் அப்படித்தான் நின்னுச்சு. நானும் விட்டேன். உங்க அளவு கைக்கு வரலைன்னா இன்னும் விட்டுட்டுத்தான் இருந்திருப்பேன்" என்றாள்.

அன்று மாலை கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஸ்குரூ டிரைவரைத் துடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில், "கூட்டிட்டு வா. சாப்பிடட்டும்" என்றார். அவ்வளவுதான்.

செட் தயாரான பிறகு தம்பி வந்தார். முதல் முறை தயங்கித் தயங்கி, பிறகு உரிமையோடு. வீட்டு நாற்காலிகளுக்கெல்லாம் புது மெத்தை தைத்துக் கொடுத்தார். ஒருநாள் சாப்பிடும்போது கணவர் ஏதோ லிஃப்ட் கதை சொல்ல, அக்காவும் தம்பியும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். கணவர் கதையை அங்கேயே நிறுத்திவிட்டுத் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

"என்னங்க?" என்றாள் பிறகு, சமையலறையில்.

"ஒண்ணுமில்ல. அந்தச் சிரிப்பு நீ செஞ்சது. ரெண்டு பேரும் சிரிச்சப்போ, எது உன்னுது, எது அவருதுன்னு ஒரு நிமிஷம் குழம்பிட்டேன். இன்னொரு தடவை பார்க்க தைரியம் வரல."

அவளுக்கும் அந்தக் குழப்பம் இருந்தது. மெருகேற்றிய நாளிலிருந்தே இருந்தது.

தம்பியை ஈறு டாக்டரிடமும் அழைத்துப் போனாள். பல்லே இல்லாதவனுக்கு ஈறு டாக்டர் எதற்கு என்று முரண்டு பிடித்தார். "செட்டு போட்டாலும் அடியில ஈறுதானே இருக்கு. தூங்கும்போது கழட்டி வைங்க. செட்டையும் கழுவுங்க, ஈறையும் மென்மையா தேய்ங்க" என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். அக்காவின் ஈறைப் பார்த்து, "இப்போ இறுகியிருக்கு, ரத்தம் இல்ல. ஆனா போன எலும்பு திரும்பாது. இருக்கறதைக் காப்பாத்திக்கலாம்" என்றார்.

அன்று தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டார். சாப்பாடு முடிந்ததும் இருவரும் கை கழுவும் தொட்டியருகே போய் நின்றார்கள். அவர் செட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துத் தண்ணீரில் கழுவினார். அவள் குட்டி பிரஷ்ஷை ஒவ்வோர் இடுக்காக நுழைத்து எடுத்துக்கொண்டிருந்தாள். மேலே இருந்த கண்ணாடியில் ஒன்று ஒடுங்கிய வாய், ஒன்று திறந்த வாய். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தினமுமாக்கா இவ்வளவு நேரம்?" என்றார் அவர், வாய்க்குள் காற்றாக.

"தினமும்தான்" என்றாள் அவள்.